கயிற்றை விட்டால்தான் நிற்கும்

மதினி,

இன்று காலை திராட்சைக்கு மருந்தடிக்க வேண்டும். அதற்கு முன்னால் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க, பந்தல் கம்பியில் துணி கட்டப் போனேன். மடியிலிருந்து எடுத்த துணி உங்கள் தக்காளிச் சிவப்புச் சேலையின் கிழிசல். நுனியில் உப்புப் பூத்திருந்தது. முகர்ந்து பார்த்தேன். பன்னீர்த் திராட்சைப் பந்தலுக்குள் கொச்சிக் காயல் வந்து நின்றது. அதற்கு மேல் வேலை ஓடவில்லை. மருந்தைக் கலக்காமல் அப்படியே வைத்துவிட்டு, வரப்பில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒரு சேதி இருக்கிறது. நேற்று நடந்தது. வாய்க்குள் நிற்காமல் குதிக்கிறது. ஆனால் உடனே சொல்ல மாட்டேன். நீங்கள் எனக்கு எத்தனை தடவை இதைச் செய்திருக்கிறீர்கள். "ஒரு சேதி இருக்குத்தா, இரு, காப்பியக் குடிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு டம்ளரை ஊதி ஊதி ஒரு யுகம் குடிப்பீர்கள். நான் மண்டை வெடித்து நிற்பேன். இன்று என் முறை. ஆற அமரக் கேளுங்கள்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது ஊர் இரண்டு விஷயத்தை வாயில் போட்டு மென்றது. கூடலூர் ஜீப் டிரைவர் மகளுக்கு முப்பது தாண்டிக் கலியாணம் என்பது ஒன்று. அண்டாவும் குத்துவிளக்கும் வரவேண்டிய சீரில் ஒரு படகு இருக்கிறது என்பது இன்னொன்று. பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் அதை எங்கே நிறுத்துவார்கள் என்று கவலைப்பட்டார்கள். கலியாணத்துக்கு முன்னால் கொச்சியில் படகுக்குப் பாய் தைக்கும் கடையில் வேலை பார்த்தீர்கள். தைத்த பாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் படகிலேயே ஏறிப் போய்ப் பழகினீர்கள். ஊரைவிட்டுப் போன ஒரு வயசாளி, "தைத்த கையே வைத்துக்கொள்ளட்டும்" என்று தன் சின்னப் பாய்ப்படகை உங்களுக்கே விட்டுப் போனார். திராட்சை லோடு ஏற்றிக்கொண்டு கொச்சிக்கு வந்த அண்ணன், தார்ப்பாய்க் கிழிசல் தைக்க உங்கள் கடைக்கு வந்ததுதான் மிச்சக் கதை. அண்ணனுக்குத் தண்ணீர் என்றால் குளிக்கிற அளவோடு சரி. அந்த மனுசர் ஒரு படகுக்காரியைப் போய்க் கட்டினார் பாருங்கள்.

நமக்கு ஒரே வயது. நாத்தனாரும் மதினியும் பேசிக்கொள்ளாமல் இருப்பதுதான் வழக்கம் என்று ஊர் எதிர்பார்த்தது. நாம் சண்டை போட்டோம்தான். ஆனால் அதற்காக லோடு லாரியில் ஏறிக் குமுளி மலையைத் தாண்டிப் போய், காயலில் வைத்துப் போட்டோம்.

முதல் தடவை நினைவிருக்கிறதா? மலை வளைவுகளில் நான் வாந்தியெடுத்து வாடிப்போய் இறங்கினேன். அண்ணன் நம்மை இறக்கிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். படகு நிறுத்தும் இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கம்பம் பஸ் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. பஸ்கள் தலையை உள்ளே விட்டு வரிசையாக நிற்குமே, அதேபோல் வெள்ளை வெள்ளையாகப் படகுகள். ஒவ்வொரு படகுக்கும் பக்கத்தில் தண்ணீரில் மிதக்கும் பலகை நடை. வரிசைகளுக்கு நடுவே ஒரு சந்து. அந்தச் சந்துக்குள் வந்து, ஒடித்துத் திரும்பி, நமக்கான இடுக்கில் மூக்கை விட வேண்டும். பஸ்ஸுக்கு பிரேக் உண்டு, ரிவர்ஸ் உண்டு. நம் படகுக்கு இரண்டும் இல்லை. இருந்த ஒரு சின்ன மோட்டாரும் நான் வருவதற்கு முன்பே உயிரை விட்டிருந்தது.

வெளியே காயலில் போகும்போது நான் செத்துப் பிழைத்தேன் என்று நினைத்தீர்களா? இல்லை மதினி. சத்தமே இல்லாமல் ஒரு வண்டி ஓடுகிறது, எண்ணெய் கேட்கவில்லை, புகை விடவில்லை, காற்றை மட்டும் தின்றுகொண்டு ஓடுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய்மரக் கம்பியில் நீங்கள் கட்டியிருந்த சேலைத் துணி படபடத்தது. "இத எதுக்குக் கட்டியிருக்கீக?" என்று கேட்டேன். "காத்துப் பாக்க" என்றீர்கள். நாங்கள் மருந்தடிக்கப் பந்தலில் கட்டுவதும் அதற்குத்தானே. அந்த இடத்தில்தான் இது எனக்கும் ஆகும் என்று தோன்றியது.

திரும்பி வரும்போது வந்தது வினை. நீங்கள் பின்னால் சுக்கான் கம்பைப் பிடித்திருந்தீர்கள். பாயின் கயிறு என் கையில். "விடுன்னா விடு, பிடின்னா பிடி" என்று சொல்லியிருந்தீர்கள். சந்துக்குள் நுழைந்து திரும்பினோம். பக்கத்து இடுக்கில் நின்ற பெரிய வெள்ளைப் படகு, வா வா என்பதுபோல் நெருங்கி வந்தது. நான் என்ன செய்வேன்? மாடு மிரண்டு ஓடினால் கயிற்றை இழுப்போம். அண்ணனும் நானும் வளர்ந்த வீட்டில் எதை நிறுத்தவும் அதுதான் வழி. முழுப் பலத்தோடு இழுத்தேன். பாய் விம்மிக்கொண்டு காற்றை வாங்கியது. படகு பாய்ந்தது. நீங்கள் பதற்றத்தில் ஜீப் ஸ்டியரிங் மாதிரி, திரும்ப வேண்டிய பக்கத்துக்கே சுக்கான் கம்பைத் தள்ளினீர்கள். சுக்கானுக்கு அது நேர் எதிர்ப்பேச்சு. வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகும். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த வெள்ளைப் படகின் விலாவில் டங்கென்று வைத்தோம்.

துறையைப் பார்த்துக்கொள்ளும் சேட்டன் பலகையில் ஓடி வந்தார். "சேச்சி, இது காளவண்டியல்லா. கயறு விடு, கயறு விடு" என்று இரண்டு கையையும் விரித்துக் கத்தினார். விட்டேன். பாய் துவண்டது, படகு நின்றது. வெள்ளைப் படகில் கட்டியிருந்த ரப்பர் உருளை காப்பாற்றியதால் கீறலோடு போயிற்று. இன்னொரு முறை இடித்தால் உள்ளே இடமில்லை, வெளியே நடுக்காயலில்தான் கட்ட வேண்டும் என்றார். நீங்கள் என்னைப் பார்த்து, "இழுத்தா ஓடும், விட்டா நிக்கும். இது மாடு இல்லத்தா" என்றீர்கள். "இது ஜீப்பும் இல்ல மதினி" என்றேன். யார் மேல் தப்பு என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. லாரியில் வரும்போது குமுளி வரை பேசிக்கொள்ளவில்லை. இறக்கத்தில் எனக்கு மறுபடி குமட்டியபோது, பேசாமலே எலுமிச்சம்பழத்தை நீட்டினீர்கள்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் நீங்கள் செய்த காரியத்தை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. கொச்சியில் படகைக் கரையேற்றி வைக்கும் மாதங்கள் அவை. அடிப்பக்கம் கீறல் விழுந்திருந்ததால், அண்ணனுக்குத் தெரிந்த கம்பம் பட்டறையில் ஒட்டுப் போடலாம் என்று மினி லாரியில் ஏற்றி மலையேற்றிக் கொண்டுவந்தோம். ஜீப்புகளுக்கு பாடி கட்டும் பட்டறைக்காரர் படகைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுக்கு சேஸ் எங்கன இருக்கு?" என்று கேட்டார். ஒட்டுப் போட்டு, பெயிண்ட் அடித்து, எல்லா வண்டிக்கும் எழுதுவதுபோல் பின்னால் "கௌமாரியம்மன் துணை" என்று எழுதியும் கொடுத்துவிட்டார்.

அப்போது ஆடி. ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்து ஊர்க் கண்மாய் தளும்பிக்கொண்டிருந்தது. குமுளிக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று, வாழையைச் சாய்த்துக்கொண்டு அடித்தது. நீங்கள் கண்மாய்க் கரையில் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தீர்கள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "வேணாம் மதினி, ஊரு சிரிக்கும்" என்றேன். "சிரிக்கட்டும். இடிச்சா சவுக்குக் கம்புதான ஒடியும்" என்றீர்கள்.

பந்தலுக்கு வைத்திருந்த சவுக்குக் கம்புகளைத் தண்ணீருக்குள் ஊன்றினோம். கொச்சியில் நம் இடுக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு. அங்கே மதியத்துக்கு மேல் கடல்காற்று மேற்கேயிருந்து வரும், இங்கேயும் மேற்கேயிருந்துதான் வருகிறது என்று வாசலைக் கிழக்கே வைத்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் கரையில் வந்து நின்றார்.

"ஏத்தா, தண்ணிக்குள்ள என்னத்துக்கு மாட்டுக் கொட்டம் போடுறீக?"

"படகக் கட்டத்தான் மாமா" என்றீர்கள்.

"இம்புட்டுக் கண்மாய் வெறுமனே கெடக்கு. இந்த இடுக்குக்குள்ளதான் போகணுமாக்கும்?"

நீங்கள் அடுத்த கம்பை எடுத்து ஊன்றினீர்கள். நான் பிடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலத்துக்குள் பாதி ஊர் கரையில் உட்கார்ந்துவிட்டது. சுண்டல்காரர் வண்டியையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கம்புகள் ஒடிந்தன, ஊன்றினோம், ஒடிந்தன. நாம் இடிக்கும்போதெல்லாம் கரையில் ஒரு பெருமூச்சு கிளம்பும், தேர் நிலைக்கு வரும்போது கிளம்புமே, அதேபோல்.

ஆளை மாற்றிப் பார்ப்போம் என்று சொன்னது நான்தான். டிராக்டரில் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம்தானே ஒடிப்போம்? சின்ன வயதிலிருந்து பந்தல் சந்துக்குள் நான் செய்கிற வேலை அது. சுக்கானின் எதிர்ப்பேச்சு என் கைக்குப் பழகிய பேச்சு. பாயோ நீங்கள் தைத்த பாய். அது எப்போது விம்மும், எப்போது துவளும் என்று உங்கள் விரலுக்குத் தெரியும். நான் சுக்கானைப் பிடித்தேன், நீங்கள் கயிற்றைப் பிடித்தீர்கள். காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பினேன். நீங்கள் கயிற்றை விட்டீர்கள். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. படகு, வந்த வேகத்தின் மிச்சத்தில் மெல்ல மெல்ல ஊர்ந்து, ஒரு கம்பையும் தொடாமல் கொட்டத்துக்குள் போய் நின்றது. கரையில் யாரோ விசிலடித்தார்கள். ஆட்டுக்கார மாமா, "மாடு வீடு வந்து சேந்துருச்சு" என்றார். நீங்கள் என் முதுகில் ஒரு அடி வைத்தீர்கள். இன்னும் வலிக்கிறது.

அதற்குப் பிறகு எத்தனை வருசம் மதினி! கொச்சியில் நாம் இடிக்கவே இல்லை. சந்துக்குள் எதிரே படகு வந்தால் உங்கள் அப்பாவின் மலைப்பாதைச் சட்டத்தைச் சொல்வீர்கள். "ஏறுற வண்டிக்கு வழி விடணும்த்தா." தண்ணீரில் ஏது ஏற்றம் என்று கேட்டால், "பெருசு எதுவோ அதுதான் ஏறுற வண்டி" என்பீர்கள். வழிவிட்டு ஒரு வட்டமடித்து வருவோம். வேகம் கூடிப்போனால் பாயைக் கையாலேயே காற்றுக்கு எதிராகத் தள்ளிப் பிடித்துப் படகைப் பின்னுக்கு இழுப்பீர்கள். நான் மயங்கிப்போய்ப் பார்ப்பேன். என் கை தன்னையறியாமல் எதையாவது இழுக்கப் போகும். "கயித்த விடு" என்று திரும்பிப் பார்க்காமலே வைவீர்கள். கயிறு உங்கள் கையில்தான் இருக்கும். இருந்தாலும் என்னைத்தான் வைவீர்கள்.

மார்கழியில் போய்விட்டீர்கள். படுக்கையில் நாலு நாள்கூடக் கிடக்கவில்லை. தேனி ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் எழுத மாட்டேன்.

தை முடிகிற நேரத்தில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன், தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார். "அந்தப் படகக் குடுத்துறலாம்த்தா. சேட்டன் ஆளு பாத்து வச்சிருக்காக."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அது மதினியின் படகு என்றேன். என் படகும்தான் என்றேன்.

"பாயி அவ கையில இருந்துச்சு. நீ சுக்கானப் பிடிச்சவ. ஒத்தையில என்ன செய்வ? அவ போயிட்டா. இனி உன்னைத் தண்ணிக்குக் குடுத்துட்டு நான் என்ன செய்யட்டும்?"

அவர் சொன்னதில் பாதி நியாயம். அதனால்தான் எரிச்சல் கூடியது. உங்கள் கை இல்லாமல் நான் பாதிப் படகோட்டிதான். "ஒருக்கா ஒத்தையில கொண்டாந்து கட்டிக் காட்டுறேன். எங்கனயாச்சும் இடிச்சா, குடுத்துருங்க. நானே சாவிய எடுத்துக் குடுக்கேன்" என்றேன்.

"படகுக்கு ஏது சாவி?" என்றார் அண்ணன். நீங்கள் போன பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு நான் பண்ணிய கூத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். கட்டிலில் உட்கார்ந்து, இடது கையில் மண்வெட்டிக் காம்பு, வலது கையில் கிணற்றுக் கயிறு. காம்பைத் தள்ளு, கயிற்றை விடு. காம்பைத் தள்ளு, கயிற்றை விடு. என் வீட்டுக்காரர் கட்டிலுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போனார்.

இப்போது சேதிக்கு வருகிறேன்.

நேற்று லோடு இறக்கிய கையோடு அண்ணன் மார்க்கெட்டிலிருந்து நேரே துறைக்கு வந்தார். வழக்கமாக எதிர் டீக்கடையோடு நின்றுவிடுகிறவர். நேற்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிதக்கும் பலகையில் அடிமேல் அடி வைத்து, நம் இடுக்கின் ஓரத்தில் வந்து நின்றார். பலகை ஆடுகிறபோதெல்லாம் கௌமாரியைக் கூப்பிட்டார். நான் காயலுக்குள் போய்விட்டேன். பாய் ஏறியது மதினி! என் கையால் ஏறியது. உங்கள் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. ஒருபக்கம் சுக்கான், ஒருபக்கம் கயிறு, இரண்டும் என்னிடம். நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் போன மீன்காரர் ஒருவர் என்னைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார்.

மதியக் காற்று மேற்கேயிருந்து கிளம்பியதும் திரும்பினேன். சந்து வாயில் ஒரு பெரிய மோட்டார் படகு வெளியே வந்தது. ஏறுற வண்டி. வழிவிட்டேன், வட்டமடித்தேன். பிறகு நுழைந்தேன். முதல் தடவை பயத்தில் கயிற்றை ரொம்பச் சீக்கிரம் விட்டுவிட்டேன். படகு இடுக்கு வாசலிலேயே மூச்சு விட்டு நின்று, காற்று அதைப் பின்னால் தள்ள ஆரம்பித்தது. எதிர் வரிசைப் படகுகள் என் முதுகுக்குப் பின்னால் நெருங்கின. பாயைக் கையால் ஒருபக்கம் தள்ளி மூக்கைத் திருப்பி, காற்றை வாங்கி, தப்பித்து வெளியே ஓடினேன். எப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். உங்களைப் பார்த்த கண் செய்தது. பலகையில் அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் தடவை வந்தேன். சேலைத் துணியை மட்டுமே பார்த்தேன். வெள்ளைப் படகின் மூக்கு என் தோளுக்கு நேராக வந்ததும் சுக்கானைத் தள்ளினேன். திரும்பியது. கயிற்றை விட்டேன். பாய் படபடத்தது. படகு இடுக்குக்குள் ஊர்கிறது மதினி, ஒரு பக்கம் பலகை, ஒரு பக்கம் வெள்ளைப் படகு, நான் நடுவில், மூச்சுவிடவில்லை. கட்டும் கயிற்றை அண்ணனிடம் எறிந்தேன். பிடித்தார். பிடித்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? மிரண்ட காளையை நிறுத்துவதுபோல் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். எங்கள் அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை, வேறென்ன செய்வார்? மூக்கு வெடுக்கென்று பலகைப் பக்கம் ஒடிந்தது. பின்பக்கம் நேரே வெள்ளைப் படகின் விலாவுக்குப் போனது. அதே விலா.

"கயித்த விடுங்க! இது மாடு இல்ல. விடுங்கங்கிறேன்ல!"

என் வாயிலிருந்துதான் வந்தது. ஆனால் அது என் குரல் இல்லை. அண்ணன் திடுக்கிட்டுக் கையை விரித்துவிட்டார். கயிறு தண்ணீரில் விழுந்தது. நான் சுக்கானை மறுபக்கம் தள்ள, படகு நேரானது. இன்னும் ஒரு முழம் ஊர்ந்தது. நின்றது. எதையும் தொடவில்லை. பின்பக்கத்துக்கும் வெள்ளைப் படகுக்கும் நடுவில் ஒரு கை போகும் இடம் இருந்தது. சேட்டன் வந்து குனிந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

படகைக் கட்டிவிட்டு ஏறி வந்தால், அண்ணன் பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அவ வையிற மாதிரியே வஞ்சுட்டியேத்தா." அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எனக்கும் அதே கதிதான். எனக்கு நீங்கள் வேண்டும் மதினி. அந்த நேரத்தில் என் முதுகில் ஓர் அடி வைக்க நீங்கள் வேண்டியிருந்தது.

பாய்மரக் கம்பியிலிருந்த சேலைத் துணியில் பாதியை அங்கேயே விட்டுவிட்டு, பாதியைக் கிழித்து எடுத்துவந்தேன். அதுதான் இப்போது பந்தலில் ஆடுகிறது. குமுளி தாண்டி இறக்கத்தில், அண்ணன் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே, "அடுத்த லோடு என்னைக்குத்தா?" என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன்.

இதை எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்க்கிறேன். பந்தலுக்கு அந்தக் கோடியில் அண்ணன் நிற்கிறார். நான் பார்ப்பது அவருக்குத் தெரியாது. காலி டிராக்டர் டிரெய்லரை லேசான சரிவில் விட்டு, அதன் கொக்கியில் ஒரு கயிற்றை மாட்டிப் பிடித்திருக்கிறார். டிரெய்லர் மெல்ல உருள்கிறது. கயிற்றை விட்டுப் பார்க்கிறார். மறுபடி ஏற்றி வைக்கிறார், மறுபடி பிடிக்கிறார். ஆனால் கடைசி நேரத்தில் பழைய புத்தி, காலை ஊன்றி இழுத்துவிடுகிறார்.

இதோடு நிறுத்துகிறேன் மதினி. போய் வைய வேண்டியிருக்கிறது.